பல்கலைக் கழக ஆசிரியர் விருதுகள்: நல்லாசிரியரை அளப்பது எங்ஙனம்?

ஒரு வயலில் விளைந்த நெல்லை மரக்காலால் அளந்துவிடலாம். பெய்த மழையை மழைமானியில் பார்த்து மில்லிமீட்டர் கணக்கில் எழுதிவிடலாம். ஆனால், ஓர் ஆசிரியர் ஓர் ஆண்டில் எவ்வளவு கற்பித்தார் என்பதை நேரே அளந்து காட்டும் கருவி எதுவும் இல்லை. அவருடைய உழைப்பின் பயன் மற்றவர் உள்ளத்தில் தங்குகிறது. பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது. அப்பொழுதும் அதில் அவருடைய பங்கு எவ்வளவு, மாணவனுடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துரைப்பது அரிது. எனினும், உலகெங்கும் பல்கலைக் கழகங்கள் தம் ஆசிரியருள் சிலரைத் தெரிந்தெடுத்து, சிறந்தவர் என்று அறிவித்து, விருது வழங்கி வருகின்றன. இத்தேர்வு எதனை அளவாகக் கொண்டு நிகழ்கிறது? அந்த அளவு எத்தனை தூரம் நம்பத்தக்கது? எங்கே அது பிழைபடுகிறது? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பள்ளி ஆசிரியர்களும் களத்தில் பணிபுரியும் ஊழியர்களும் தத்தம் துறையில் இதே வினாக்களைச் சந்திக்கின்றனர். ஆதலின் இச்செய்தி பல்கலைக் கழகத்தோடு நின்றுவிடுவதன்று.

ஸ்ரீராம்புரத்திற்கு வடக்கே

பெங்களூருவின் பழைய பகுதிகளுள் ஒன்றாகிய ஸ்ரீராம்புரத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் மிகுதி. உழைத்துப் பிழைக்கும் மக்களே பெரும்பாலோர். இங்கிருந்து மல்லேஸ்வரத்தைக் கடந்து வடக்கே சில கிலோமீட்டர் சென்றால் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் மரஞ்செறிந்த வளாகத்தை அடையலாம். நகர மக்கள் அதனை ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்’ என்றே வழங்குவர். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கனவில் தோன்றி, மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அளித்த சுமார் 371 ஏக்கர் நிலத்தில், 1909ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கழகம் அது. முதல் மாணவர்கள் 1911இல் சேர்ந்தனர். 1958இல் அது பல்கலைக் கழகத்திற்கு நிகரான நிறுவனமாக அங்கீகரிக்கப்பட்டது.

இக்கழகம் தன் ஆசிரியர்களுக்கு வழங்கும் பரிசுகளுள் இரண்டு நம் பொருளுக்கு நேரே உரியவை. ஒன்று, ஆராய்ச்சியில் சிறந்தவர்க்கு வழங்கப்படும் ருஸ்தம் சோக்ஸி பரிசு. மற்றொன்று, கற்பித்தலில் சிறந்தவர்க்கு வழங்கப்படும் ஜயா ஜயந்த் பரிசு. ஆராய்ச்சிக்கு ஒன்று, கற்பித்தலுக்கு ஒன்று எனத் தனித்தனியே இருப்பதைக் கவனிக்க வேண்டும். பல்கலைக் கழக ஆசிரியர் இரண்டு தொழில்களை ஒருங்கே மேற்கொண்டவர்: புதிய அறிவைத் தேடுவது ஒன்று, பெற்ற அறிவைப் பிறர்க்கு ஊட்டுவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருவரிடமே சிறந்து விளங்கலாம், விளங்காமலும் போகலாம். ஒரே பரிசால் இரண்டையும் அளக்க முற்பட்டால், எளிதில் எண்ணக்கூடிய ஆராய்ச்சியே மேலோங்கி, எண்ணுதற்கரிய கற்பித்தல் பின்தள்ளப்படும். இதனைத் தவிர்க்கவே பல நிறுவனங்கள் இரண்டு பரிசுகளை வைத்துள்ளன.

பதவியே பரிசாக இருந்த காலம்

பதக்கமும் பட்டயமும் தோன்றுவதற்கு முன்னரே ஒருவகைப் பாராட்டு இருந்தது. தகுதியுடையவருக்கு ஏற்ற பதவியையும் ஆய்வுக்கூடத்தையும் அளித்து, அவரைத் தம் போக்கில் உழைக்க விடுவதே அது. இந்த முறையின் பயனை இரண்டு எடுத்துக்காட்டுகளால் அறியலாம்.

திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சி. வி. ராமன், இந்திய அரசாங்கத்தின் நிதித் துறையில் அதிகாரியாக இருந்தவர். கல்கத்தாப் பல்கலைக் கழகம் அவருக்குப் பாலித் பேராசிரியர் பதவியை அளித்தபோது, அதிக ஊதியமுள்ள அரசாங்க வேலையை விட்டு, 1917இல் அதனை ஏற்றார். பதினோராண்டுகள் கழித்து, 1928 பிப்ரவரி 28ஆம் நாள், ஒளிச்சிதறலில் அவர் பெயரால் வழங்கும் விளைவு கண்டறியப்பட்டது. 1930இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1933இல் அவர் விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராகப் பெங்களூருவிற்கு வந்தார். உலகம் பரிசளிப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பல்கலைக் கழகம் அவரை இனங்கண்டு இடமளித்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இரண்டாவது எடுத்துக்காட்டு ஜி. என். ராமச்சந்திரன். இவர் 1942இல் மின்பொறியியல் பயில விஞ்ஞானக் கழகத்திற்கு வந்து, ராமனால் பௌதிகத் துறைக்கு ஈர்க்கப்பட்டவர். சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார், 1952இல், முப்பது வயதைத் தொடாத இவரைப் பௌதிகப் பேராசிரியராக அமர்த்தினார். இரண்டே ஆண்டுகளில், 1954இல், ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றிற்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்குண்ட கயிறு போன்ற அமைப்புடையது என்று வெளியிட்டனர். 1963இல், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடம் இன்றும் உலகெங்கும் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்றே வழங்குகிறது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கோணங்கள் உண்டு. அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் அக்கோணங்கள் எவ்வெவ்வளவு இருத்தல் கூடும் என்பதை அவ்வரைபடம் காட்டுகிறது. புதிதாகக் கண்டறிந்த ஒரு புரதத்தின் வடிவம் சரியானதா என்று சோதிக்க விஞ்ஞானிகள் இன்றும் இதனையே முதலில் நாடுகின்றனர். பின்னர் ராமச்சந்திரன் பெங்களூருவிற்குத் திரும்பி, விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பிரிவைத் தோற்றுவித்தார்.

இவருக்கு நோபெல் பரிசு கிடைக்கவில்லை. ஆயினும் உரிய வயதில் உரிய பதவி கிடைத்தது. இளைஞர் ஒருவருக்கு ஆய்வுக்கூடமும் சுதந்திரமும் அளிப்பது, ஓய்வு பெறும் வேளையில் பதக்கம் அணிவிப்பதைக் காட்டிலும் பயன்மிக்கது என்பதற்கு இது சான்றாகும்.

தேசிய விருதுகளின் வளர்ச்சி

விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் முதல் தலைமை இயக்குநராகவும், பல்கலைக் கழக மானியக் குழுவின் முதல் தலைவராகவும் பணியாற்றிய சாந்தி ஸ்வரூப் பட்நாகர் 1955இல் காலமானார். அவர் நினைவாக 1957இல் மன்றம் ஒரு பரிசை ஏற்படுத்தியது. 1958இல் முதற் பரிசைப் பெற்றவர் கே. எஸ். கிருஷ்ணன், தமிழ்நாட்டின் வத்திராயிருப்புப் பகுதியைச் சேர்ந்தவர், ராமன் விளைவைக் கண்ட ஆராய்ச்சியில் ராமனோடு தோளோடு தோள் நின்று உழைத்தவர். 1961இல் வேதியியலுக்காக இப்பரிசைப் பெற்ற அசீமா சட்டர்ஜி, இதனைப் பெற்ற முதற் பெண்மணி ஆவார். பிற்காலத்தில் 45 வயதிற்குட்பட்டோர்க்கே இப்பரிசு என்னும் வரம்பு நடைமுறையில் இருந்தது.

காலப்போக்கில் மத்திய அரசாங்கத்தின் பல்வேறு விஞ்ஞானத் துறைகளும் தனித்தனியே பரிசுகளை ஏற்படுத்தியமையால் அவற்றின் எண்ணிக்கை மிகுந்துவிட்டது. பரிசுகள் பெருகும்போது ஒவ்வொன்றின் மதிப்பும் குறையும் என்பது யாவரும் அறிந்ததே. 2022இல் அரசாங்கம் இவற்றை மறு ஆய்வு செய்து, பலவற்றை நிறுத்தியது. அவற்றினிடத்தில் ‘ராஷ்ட்ரீய விஞ்ஞான் புரஸ்கார்’ என்னும் தேசிய விஞ்ஞான விருது 2023இல் அறிவிக்கப்பட்டது. வாழ்நாள் சாதனைக்கு விஞ்ஞான ரத்னா, தனிச்சிறப்பான பணிக்கு விஞ்ஞான ஸ்ரீ, 45 வயது வரை உள்ளவர்க்குப் பட்நாகர் பெயரோடு கூடிய விஞ்ஞான யுவா, கூட்டு முயற்சிக்கு விஞ்ஞானக் குழு விருது என நான்கு பிரிவுகள் அதில் அமைந்தன. 2024 ஆகஸ்டு 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் முதல் விருதுகளை வழங்கினார். மொத்தம் 33 விருதுகள்: ரத்னா ஒன்று, ஸ்ரீ 13, யுவா 18, குழு விருது ஒன்று. குழு விருது சந்திரயான்-3 பணியை நிறைவேற்றியவர்களைச் சார்ந்தது.

முதல் விஞ்ஞான ரத்னா விருதைப் பெற்றவர் ஜி. பத்மநாபன். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியலும், புதுதில்லி இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண் வேதியியலும் பயின்று, விஞ்ஞானக் கழகத்தில் 1966இல் டாக்டர் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியராகி, 1994 முதல் 1998 வரை இயக்குநராகவும் இருந்தவர். குருதிக்குச் செந்நிறம் தரும் பொருளின் உட்கூறாகிய ‘ஹீம்’ என்பதை உடல் எங்ஙனம் உண்டாக்குகிறது என்பதில் தொடங்கிய அவருடைய ஆராய்ச்சி, மலேரியாக் கிருமியை நாடிச் சென்றது. அக்கிருமி மனிதனுடைய செங்குருதி அணுவினுள் ஹீம் நிறைந்த சூழலில் வாழ்ந்தும், தனக்கென்று ஹீமைத் தானே தயாரித்துக்கொள்கிறது என்பதை அவருடைய ஆய்வுக்கூடம் காட்டியது. கிருமியின் அத்தயாரிப்பைத் தடுக்க இயலுமாயின் அது மருந்துக்கு ஒரு வழியாகும். மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் பொருள் மலேரியாச் சிகிச்சையில் துணையாகுமா என்பதையும் அவர் ஆராய்ந்தார்.

இவையனைத்தும் பெரும்பாலும் ஆராய்ச்சியைப் பாராட்டும் விருதுகள். கட்டுரை வெளியாகிறது, பிற ஆராய்ச்சியாளர் அதனைச் சோதிக்கின்றனர், மேற்கோளாகக் காட்டுகின்றனர். ஆகையால் தேர்வுக் குழுவின் முன்னர் ஏதேனும் ஒரு சான்று இருக்கிறது. கற்பித்தலுக்கு இத்தகைய சான்று எளிதில் அமைவதில்லை.

கற்பித்தலுக்கு விருது

ஆசிரியர்க்குத் தேசிய விருது வழங்கும் திட்டம் 1958இல் தொடங்கியது. டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1962இல் குடியரசுத் தலைவரானபின், அவருடைய பிறந்தநாளாகிய செப்டம்பர் 5 ஆசிரியர் தினமாயிற்று. திருத்தணியில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற அவர், 1918 முதல் 1921 வரை மைசூர்ப் பல்கலைக் கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். கல்கத்தாவிற்கு மாற்றலாகி அவர் புறப்பட்டபோது மாணவர்கள் மலர்களால் அலங்கரித்த வண்டியில் அவரை அமர்த்தி, குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றனர் என்பது மைசூரில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. எந்தக் குழுவும் கூடித் தீர்மானிக்காத விருது அது.

தேசிய விருது நீண்டகாலம் பள்ளி ஆசிரியர்க்கே உரியதாக இருந்தது. 2023ஆம் ஆண்டில்தான் அது கல்லூரி, பல்கலைக் கழகம், பாலிடெக்னிக் ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கும் விரிக்கப்பட்டது. அவ்வாண்டு விருது பெற்ற 75 பேருள் 13 பேர் உயர்கல்வி நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். நற்சான்றிதழ், 50,000 ரூபாய் ரொக்கம், வெள்ளிப் பதக்கம் ஆகியவை ஒவ்வொருவர்க்கும் வழங்கப்பட்டன. வகுப்பில் கற்பிக்கும் திறனோடு சமூகத் தொண்டு, ஆராய்ச்சி, புதுமுயற்சி ஆகியவையும் கருத்தில் கொள்ளப்படுகின்றன. வெளிநாடுகளைப் பார்த்தால், அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் தன் பெர்க்லி வளாகத்தில் 1959 முதலே சிறந்த கற்பித்தலுக்குத் தனிப் பரிசு வழங்கி வருகிறது.

மாணவர் மதிப்பெண் போதுமா?

கற்பித்தலை அளக்க மிக எளிதாகத் தோன்றும் வழி, கற்றவரையே கேட்பது. பருவ இறுதியில் மாணவர்க்கு ஒரு படிவம் தந்து, ஆசிரியர்க்கு மதிப்பெண் இடச் சொல்கின்றனர். இவ்வழி பயனற்றதன்று, வகுப்பிற்கு நேரத்தில் வந்தாரா, கேள்விக்கு விடையளித்தாரா என்பன மாணவரைவிட நன்கு அறிந்தவர் யாரும் இலர். ஆனால் இந்த மதிப்பெண்ணை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதை மூன்று சோதனைகள் தெளிவாகக் காட்டியுள்ளன.

முதலாவது, 1970இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. மருத்துவக் கல்வியாளர் கூடிய ஓர் அவையில் ‘டாக்டர் பாக்ஸ்’ என்னும் நிபுணர் சொற்பொழிவாற்றினார். உண்மையில் அவர் ஒரு நடிகர்; பொருளைப்பற்றி எதுவும் அறியாதவர். முரண்பாடுகளும் பொருளற்ற தொடர்களும் நிறைந்த உரையை நகைச்சுவையோடும் கம்பீரத்தோடும் பேசுமாறு அவருக்குப் பயிற்சி அளித்திருந்தனர். கேட்டவர்கள் படித்தவர்களேயாயினும், பெரும்பாலோர் உரை சிறப்பாக இருந்தது என்றே எழுதிக் கொடுத்தனர். இதன் முடிவுகள் 1973இல் வெளியாயின. பேச்சின் கவர்ச்சி, கற்றோம் என்னும் எண்ணத்தை உண்டாக்கும். கற்றலை உண்டாக்காமலும் இருக்கக்கூடும்.

இரண்டாவது சோதனை இன்னும் நுட்பமானது. அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் மாணவர் யாவரும் நுண்கணிதம் பயிலுதல் கட்டாயம். எந்த மாணவன் எந்த ஆசிரியரிடம் பயில வேண்டும் என்பது குலுக்கல் முறையில் அமைகிறது. மாணவர் தாமாகத் தெரிந்தெடுக்க இயலாது. தேர்வுத்தாளும் அனைவர்க்கும் ஒன்றே. பயிர்ச் சோதனையில் பாத்திகளைக் குலுக்கிப் பிரிப்பது போன்றதே இது. ஆகவே ஆசிரியர்களிடையே உள்ள வேறுபாட்டைப் பக்கச்சார்பின்றி அறிய முடிகிறது. பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்து, காரல், வெஸ்ட் என்னும் பொருளாதார அறிஞர் இருவர் 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். அனுபவம் குறைந்த ஆசிரியரிடம் பயின்றவர்கள் அந்தப் பாடத்தின் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றனர். ஆசிரியர்க்கும் நல்ல மதிப்பளித்தனர். ஆனால் அதனைத் தொடர்ந்து வரும் மேல்வகுப்புப் பாடங்களில், அனுபவமிக்க ஆசிரியரிடம் பயின்றவர்களே மேம்பட்டு நின்றனர். தேர்வை நோக்கிப் பயிற்றுவது ஒன்று. அடித்தளத்தை ஆழமாக இடுவது மற்றொன்று. ஆழமாக இடுபவரிடம் மாணவன் சற்றுத் துன்புறுகிறான். அதன் நன்மையை அவன் உணர்வதற்குள் படிவம் நிரப்பும் நாள் கடந்துவிடுகிறது.

மூன்றாவது, 2014இல் வெளியான ஒரு சிறு சோதனை. நேர்முகம் காணாமல் இணையத்தின் வழியே நடந்த பாடம் ஒன்றில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் துணையாசிரியர்களாக இருந்தனர். சில மாணவர் குழுக்களில் அவர்கள் தம் பெயர்களை மாற்றிக்கொண்டனர். உண்மையில் கற்பித்தவர் யாராயினும், ஆண் பெயர் தாங்கியவர்க்கே மாணவர் உயர்ந்த மதிப்பளித்தனர். ஒப்படைகளைத் திருத்தித் திரும்பத் தருவதில் இருவரும் ஒரே நேர அளவைக் கடைப்பிடித்திருந்தும், அதில்கூடப் பெண் பெயர்க்குக் குறைந்த மதிப்பெண்ணே கிடைத்தது. மாணவர் தொகை சிறிதாகையால் இச்சோதனை ஒன்றைக் கொண்டே முடிவு கட்டலாகாது. எனினும் தேர்வுக் குழுவினர் எச்சரிக்கையாக இருத்தற்கு இது போதிய காரணமாகும்.

இருப்பவர்க்கே மேலும் சேர்தல்

விருதுகளின் மற்றொரு குறையை 1968இல் சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் எடுத்துக்காட்டினார். புகழ் பெற்றவர்க்கே மேலும் புகழ் சேரும். அதே அளவு உழைத்த பெயரறியாதவர் பின்தங்குவர். ஒரு விருது மற்றொரு விருதுக்குத் தகுதிச் சான்றாகிவிடுகிறது. நாளடைவில் சிலர் பெயர்களே எல்லாப் பட்டியல்களிலும் இடம்பெறுகின்றன. இதன் மறுபக்கத்தில் விடுபட்டவர்கள் நிற்கின்றனர்.

விஞ்ஞானக் கழகத்தின் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. 1933இல் கமலா பாக்வத் (பின்னர் கமலா சோஹோனி) பம்பாய்ப் பல்கலைக் கழகத்தில் சிறந்த தேர்ச்சி பெற்று இங்குச் சேர விண்ணப்பித்தார். பெண் என்னும் காரணத்தால் ராமன் முதலில் மறுத்தார். அவர் விடாது வாதாடியபின், ஓராண்டு சோதனை முறையில் சேர்த்துக்கொள்ளப்பட்டு, தம் தகுதியை நிலைநாட்டினார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி 1940இல் ராமனுடைய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, வைரம், மாணிக்கம் ஆகிய கற்கள் வெளிவிடும் ஒளியை ஆராய்ந்தார். ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் அவர் அளித்த ஆய்வுரைக்குச் சென்னைப் பல்கலைக் கழகம் டாக்டர் பட்டம் வழங்கவில்லை. முதுநிலைப் பட்டம் இல்லாமையே காட்டப்பட்ட காரணம். அவர் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். சுமார் 100 வானிலைக் கருவிகளின் வரைபடங்களை ஒரே தரத்திற்குக் கொண்டுவந்தார். மழையையும் வெயிலையும் அளந்து பதிவு செய்யும் கள ஊழியர்கள் இவருடைய பணிக்கு நேரடியாகக் கடன்பட்டவர்கள். மறுக்கப்பட்ட பட்டம் அவருடைய பணியைக் குறைத்ததில்லை; ஆனால் எண்ணற்ற மற்றவர்கள் மறுப்போடு நின்றுவிட்டிருப்பர் என்பதை மறத்தலாகாது.

இன்றைய விடுபாடு வேறொரு வகையினது. உயர்கல்வி ஆசிரியர்க்கான தேசிய விருது, நிரந்தரப் பணியில் உள்ளவர்க்கு உரியதாக வகுக்கப்பட்டது. ஆயின், பல மாநிலங்களின் அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும்பகுதியைத் தாங்குபவர்கள் கௌரவ விரிவுரையாளர்களே. ஸ்ரீராம்புரம் போன்ற பகுதிகளிலிருந்து, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவன் ஒருவன், தனக்கு அடிப்படை விஞ்ஞானத்தைப் புரிய வைத்தவர் என்று இத்தகைய ஒருவரையே சுட்டக்கூடும். ஆண்டுதோறும் பணி நீடிப்புக்குக் காத்திருக்கும் அவருடைய பெயர் எந்தப் பரிந்துரைப் பட்டியலிலும் ஏற வழியில்லை. ஆய்வுக்கூட உதவியாளர், கருவி பழுதுபார்ப்போர், நூலகர் ஆகியோர் நிலையும் இத்தகையதே. கற்பித்தலைப் பாராட்டுவதே நோக்கமாயின், கற்பிக்கும் அனைவரும் கணக்கில் வரவேண்டும்; பதவி ஆணையின் தன்மை ஒரு தடையாகலாகாது.

மற்றொரு பணியும் எளிதில் கணக்கில் வருவதில்லை. சித்திரதுர்க்கத்தை அடுத்த சள்ளகெரேயில் விஞ்ஞானக் கழகத்திற்கு இரண்டாவது வளாகம் ஒன்று உண்டு. அங்குப் பள்ளிகளின் விஞ்ஞான, கணித ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. பேராசிரியர் ஒருவர் பத்து நாட்கள் செலவிட்டு நூறு பள்ளி ஆசிரியர்களுக்குச் சோதனைகளைச் செய்து காட்டினால், அதன் பயன் ஆயிரக்கணக்கான குழந்தைகளைச் சென்றடையும். அந்தப் பத்து நாட்களில் ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் எழுதப்பட்டிராது. எண்ணுவதை மட்டும் பாராட்டும் முறையில் அந்தப் பத்து நாட்கள் வீண். பயனைப் பார்க்கும் முறையிலோ அவையே அவ்வாண்டின் சிறந்த நாட்கள்.

நல்ல தேர்வின் இலக்கணம்

மேற்கூறியவற்றிலிருந்து, தேர்வு முறை எங்ஙனம் இருத்தல் வேண்டும் என்பதைச் சுருக்கமாக வகுக்கலாம்.

1. ஒரே சான்றை நம்பலாகாது. மாணவர் மதிப்பீடு, சக ஆசிரியர் வகுப்பில் இருந்து கண்ட குறிப்பு, பாடத்திட்டமும் வினாத்தாளும், பழைய மாணவர் கருத்து ஆகிய நான்கையும் ஒருங்கே நோக்க வேண்டும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யும்.

2. காலம் தாழ்த்திக் கேட்க வேண்டும். பாடம் முடிந்த வாரத்தில் கேட்பதோடு, மூன்று அல்லது ஐந்து ஆண்டுகள் கழித்தும் கேட்டால், ஆழமாகக் கற்பித்தவரை அடையாளம் காண இயலும். அடுத்த வகுப்பின் ஆசிரியரைக் கேட்பதும் பயன் தரும். தம்மிடம் வரும் மாணவருள் யாரிடம் பயின்றவர்கள் உறுதியோடு வருகின்றனர் என்பதை அவர் அறிவார்.

3. தொடங்கிய இடத்தையும் பார்க்க வேண்டும். நல்ல மாணவரை வைத்து நல்ல தேர்ச்சி காட்டுவது அரிதன்று. பின்தங்கியவரை எத்தனை தூரம் முன்னேற்றினார் என்பதே ஆசிரியரின் அளவு.

4. தேர்வுக் குழுவில் நிறுவனத்திற்கு வெளியிலிருந்தும் உறுப்பினர் இருத்தல் நலம். தேர்ந்த காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். காரணம் வெளியானால், அது மற்ற ஆசிரியர்க்குப் பாடமாகவும் அமையும்.

5. ஒருவர் பெற்ற பழைய விருதுகளைத் தகுதியாகக் கொள்ளலாகாது. செய்த பணியையே கொள்ள வேண்டும்.

ஆசிரியர்க்கும் கள ஊழியர்க்கும் சில குறிப்புகள்

விருதுக்குரிய பணியைச் செய்தும், அதற்கான பதிவு இல்லாமையால் பலர் விடுபடுகின்றனர். ஆதலின், ஆண்டுதோறும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது நன்று. புதிதாகச் செய்து பார்த்த சோதனை, அது வெற்றி பெற்றதா இல்லையா, மாணவர் எங்கே தடுமாறினர், அடுத்த ஆண்டு என்ன மாற்றம் செய்யப்பட்டது என்பவற்றைத் தேதியோடு எழுதி வரலாம. தோல்விகளையும் எழுத வேண்டும். திருத்திக்கொண்ட தோல்வியே கற்பித்தலில் சிந்தனை இருந்ததற்குச் சிறந்த சான்று. கள ஊழியர்கள், தாம் கற்பித்த முறையை எத்தனை குடும்பங்கள் அவ்வாண்டு ஏற்றன என்பதோடு, இரண்டு ஆண்டுகள் கழித்தும் எத்தனை குடும்பங்கள் கைவிடாமல் பின்பற்றுகின்றன என்பதையும் குறித்தல் வேண்டும். விமானப்படைக் கல்லூரிச் சோதனை போதிப்பதும் இதுவே: உடனடி விளைவைவிட நிலைத்த விளைவே மெய்யான அளவு.

சக ஊழியர் ஒருவரைப் பரிந்துரைக்கும்போது, ‘அயராது உழைப்பவர்’, ‘அனைவராலும் போற்றப்படுபவர்’ என்னும் பொதுத் தொடர்களால் பயனில்லை. எந்தப் பாடத்தில், எந்த ஆண்டில், எந்த இடர்ப்பாட்டை, எவ்வழியால் நீக்கினார் என்று ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளை எண்ணோடும் விவரத்தோடும் எழுதினால் போதும். தாமே விண்ணப்பிக்கக் கூசும் இயல்புடையோர் பலர். அவர்கள் பொருட்டுப் பேனாவை எடுப்பது அவர்களை அறிந்தவர் கடமை.

விருது என்பது ஒரு விளக்கு. ஒருவர்மேல் ஒளி வீசும்போது அவர் தெரிகிறார். அருகில் நிற்பவர் முன்னிலும் இருளில் ஆழ்ந்தவர்போல் தோன்றுகின்றனர். விளக்கை அணைத்துவிடுவது இதற்குப் பரிகாரமாகாது. அதனை உயரத் தூக்கிப் பிடித்தால் ஒளி பலர்மேலும் விழும். ஒவ்வோர் ஆண்டும் ஒருவரைத் தெரிந்தெடுக்கும் முயற்சியில், ஒரு கல்லூரியோ பள்ளியோ தன் ஆசிரியர் அனைவருடைய பணியையும் ஒருமுறை கவனித்துப் பார்க்குமாயின், பதக்கம் யாருக்குச் சென்றாலும் அதன் பயன் எல்லா வகுப்புகளுக்கும் கிடைக்கும்.